கணிப்பொறிக்கு மறுவாழ்வு

ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்து செல்லும் அன்பர்கள் பத்மதீர்த்தக் கரையில் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கருவேலப்புரை மாளிகையின் முகப்பில் விளங்கும் மேத்தன்மணி அவர்களை அங்ஙனம் நிறுத்திவிடுகிறது. மணிதோறும் தாடி வைத்த முகம் ஒன்று வாய் திறப்பதும், இரு பக்கத்தினின்றும் இரு ஆட்டுக்கடாக்கள் வந்து அதன் கன்னங்களில் முட்டுவதும் நம் குழந்தைகளுக்கு எத்தனை முறை கண்டாலும் சலியாத காட்சி. வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்னும் கைவினைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த பொறி அது. இடையிடையே அது நின்று போனதுண்டு. அதன் உள்ளமைப்பை அறிந்த கைகள் மீண்டும் அதனை ஓடச் செய்ததும் உண்டு. திறந்து பார்க்கத்தக்க பொறியும், திறந்து பார்க்கத் தெரிந்த மனிதனும் இருக்குமிடத்தில் பழைமை ஒரு குற்றமாவதில்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பித்தளைப் பாத்திரத்தின் ஈயம் தேய்ந்தால் பாத்திரத்தை வீசிவிடவில்லை. தெருவில் வரும் ஈயம் பூசுபவரை அழைத்தனர். தையற்பொறி நின்றால் அதற்கு எண்ணெயிட்டனர். வானொலிப் பெட்டி ஊமையானால் கடைக்கு எடுத்துச் சென்றனர். ஆனால் அவர்தம் வழிவந்த நம் இல்லங்களில் இன்று பரணைத் திறந்து பார்த்தால், ஓய்வு கொடுக்கப்பட்ட மடிக்கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் துணிப்பையில் சுற்றப்பட்டு உறங்குவதைக் காணலாம். அவை ஏன் அங்குச் சென்றன, அவற்றை மீண்டும் எழுப்ப இயலுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை; விடையின் பெரும்பகுதி நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

முதுமையின் இரு வகை

கணிப்பொறிக்கு வரும் முதுமை இரு வகைப்படும். ஒன்று உடலைப் பற்றியது. விசிறியில் தூசு அடைகிறது. மின்கலம் தன் ஆற்றலை இழக்கிறது. சுழலும் வன்தட்டு தேய்கிறது. இவை ஈயம் தேய்ந்த பாத்திரத்தை ஒத்தவை. உறுப்பை மாற்றினால் குறை தீரும்.

மற்றொன்று நுட்பமானது. பொறியை இயக்கும் மென்பொருளை ஆக்கிய நிறுவனம், “இனி இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்பமாட்டோம்” என்று அறிவிக்கும் நாளில், நேற்றுவரை நன்றாக இருந்த பொறி இன்று முதியதாகிவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்துக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் இவ்வாறு முடிவு நாள்களாயின. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் பிற்காலத்துச் செயலியும் உள்ள பொறிகளையே ஏற்பது. ஆதலின் இரும்பிலும் கம்பியிலும் ஒரு பழுதும் இல்லாத எண்ணற்ற பொறிகள் புறந்தள்ளப்பட்டன. கைப்பேசியின் கதையும் இதுவே. உடல் தேயுமுன்னரே அதன் உரிமை பிறர் கையில் முடிந்துவிடுகிறது.

முதல் முதுமைக்கு மருந்து திருப்புளியில் இருக்கிறது. இரண்டாவதற்கு மருந்து எங்கே?

திருவனந்தபுரம் கண்ட வழி

1983இல் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் படித்தறியவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள் தொகுதி ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு ‘குனூ’ என்று பெயரிட்டார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ‘லினக்ஸ்’ என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து தனியார் எவருடைய ஆணைக்கும் கட்டுப்படாத ஓர் இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது. இதன் சிறப்பு யாதெனில், ஒரு பொறியை ஒரு நிறுவனம் கைவிட்டாலும், அப்பொறியைக் கைவிட விரும்பாத நால்வர் எங்கேனும் இருந்தால் அதற்கு உயிர் உண்டு.

இவ்வியக்கத்தின் இந்தியக் கிளையாகிய கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2001 ஜூலையில் தொடங்கப்பெற்றது டில்லியிலன்று, பம்பாயிலன்று, நம் திருவனந்தபுரத்தில். ஸ்டால்மனே இங்கு வந்திருந்தார். அதே ஆண்டில்தான் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. பூஜைப்புரையில் அலுவலகம் கொண்ட அத்திட்டத்தினர், 2005ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குப் படிப்படியாக மாற்றலாயினர். 2006இல் ஸ்டால்மன் மீண்டும் வந்து முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தபோது கேரளப் பள்ளிகளின் துணிவு உலகச் செய்தியாயிற்று.

இம்மாற்றத்தால் உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்பதைப் பலரும் அறிவர். 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறிய அத்திட்டத்தினர், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் ரூ. 3,000 கோடி மிச்சம் என்று 2019இல் கணக்கிட்டனர். ஆயினும் பணத்தினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. பழுதுற்ற பள்ளிக் கணிப்பொறிகளை ஓரிடத்துக்குக் கொணர்ந்து, ஆசிரியரும் மாணவருமே கழற்றிச் செப்பனிடும் ‘ஹார்டுவேர் கிளினிக்’ என்னும் முகாம்கள் நடத்தப்பெற்றன. ஒரு பொறியின் நல்ல உறுப்பு மற்றொரு பொறிக்கு உயிர் தந்தது. பொறியைக் கண்டு அஞ்சிய ஆசிரியர் அதனைத் திறக்கக் கற்றார். 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் அப்பயிற்சியை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தன.

நம் தாயகமாம் தமிழகமும் இவ்வழியில் நடந்தது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றினார். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் மாணவர் பெற்ற பொறிகளிலும் அது இடம்பெற்றது. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் உள்ள நம் உறவினர் வீடுகளில் அப்பொறிகள் சில இன்றும் மூலையில் கிடக்கக் காணலாம்.

நாம் மறந்த பரண்

இத்துணை வரலாறும் நம் வாயிலிலேயே நிகழ்ந்திருக்க, நாம் அதனை அறிந்தோமில்லை. அறியாமையின் விலையை 2020இல் உணர்ந்தோம். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட, ஜூன் 1ஆம் நாள் கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி, கன்னடவழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் வழங்கப்பெற்றன. அவ்வேளையில் நம் காலனியின் பின்தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், தந்தையின் வேலை நின்றுவிட்ட நிலையில், மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியைப் பங்கிட்டுப் படித்தனர். திரை கீறிய அக்கைப்பேசிக்குக் காலையில் மூத்தவள், நண்பகலில் நடுப்பிள்ளை, இரவில் இளையவன் என முறை வைத்திருந்தனர்.

அந்நாளில் எம் இல்லத்துப் பரணில் இரண்டு மடிக்கணிப்பொறிகளும் ஒரு கைப்பேசியும் இருந்தன. அவற்றை நாம் நினைக்கவேயில்லை. அவை செத்துவிட்டன என்று நாம் முடிவு செய்திருந்தோம். இதனை எழுதுங்கால் நாணமே மேலிடுகிறது.

மறு ஆண்டில் அக்குடும்பத்து நடுப்பிள்ளையே எம்மிடம் வந்து, “மாமா, பழைய லேப்டாப் இருந்தால் கொடுங்கள், நான் சரிசெய்து பார்க்கிறேன்” என்று கேட்டான். பள்ளி மன்றத்தில் கற்ற பிள்ளை அவன். 2012இல் வாங்கிய பொறியை எம் கண்முன் திறந்து தூசியைத் துடைத்தான். செயலியின் மேல் உலர்ந்திருந்த வெப்பப் பசையை வழித்துப் புதிதாக இட்டான். சுழலும் வன்தட்டை நீக்கி, அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. தட்டைப் பொருத்தினான், நினைவகத்தை நான்கிலிருந்து எட்டு ஜி.பி.யாக உயர்த்தினான், எளிய முகப்புடைய லினக்ஸை நிறுவினான். ஆன செலவு புதிய பொறியின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்னர் ஐந்து நிமிடம் முனகிய பொறி அரை நிமிடத்தில் விழித்தது. அதில்தான் அவன் அக்காள் பட்டப்படிப்பின் பாடங்களை எழுதி முடித்தாள்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டுவன சில. கணிப்பொறியாயின் முதலில் தட்டு, அடுத்து நினைவகம், பின்னர் இயங்குதளம் என்பதே முறை. வன்தட்டை மாற்றுவதொன்றே பெரும்பயன் தரும். எத்திருத்தத்துக்கும் முன்னர் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். கைப்பேசியாயின் பெரும்பாலும் குற்றவாளி மின்கலமே. தேய்ந்த மின்கலமுள்ள பழைய கைப்பேசிகளின் வேகத்தைத் தான் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மறு ஆண்டில் குறைந்த விலைக்கு மின்கலம் மாற்றித் தந்ததும் வரலாறு. ஆண்டிராய்டு வகையில் சில கைப்பேசிகளுக்கு ‘லினேஜ் ஓஎஸ்’ என்னும் மாற்று இயங்குதளம் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை.

எப்பொறியையும் எழுப்பிவிடலாம் என்று கூறுவதும் பொய்யாகும். உப்பிய மின்கலத்தைத் தொடுதல் தீயோடு விளையாடுதல். பாதுகாப்புத் திருத்தம் நின்ற கைப்பேசியை வங்கிக் கணக்குக்குப் பயன்படுத்தலாகாது. பாட்டுக் கேட்கவும் பாடம் பார்க்கவும் அது போதும். பிறர்க்கு அளிக்குமுன் உள்ளிருப்பவற்றை முற்றும் அழித்துவிடுக. உயிர்ப்பிக்க இயலாததை ஆக்கர் கடையில் போடாது, மின்கழிவு திரட்டுவோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எந்த ஏழையின் மண்ணில், எந்தக் குழந்தையின் மூச்சில் கலக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

உலகமும் இத்திசையில் திரும்பத் தொடங்கியிருக்கிறது. நம் நடுவணரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு வலைவாயிலை 2022 டிசம்பரில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், கைப்பேசி ஆக்குவோர் உதிரி உறுப்புகளையும் மென்பொருள் திருத்தங்களையும் பல்லாண்டுக் காலம் தந்தாக வேண்டும் என்று விதித்தது.

சட்டங்கள் வரட்டும். அதுவரை நம் சங்கம் செய்யத்தக்க சிறு பணி ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கூடத்தில் ஒரு மேசையும் சில திருப்புளிகளும் வைப்போம். பரணில் உறங்குவனவற்றை நாம் கொண்டு வருவோம். பள்ளியில் கற்ற நம் பிள்ளைகள் அவற்றைத் திறப்பார்கள். எழுப்பியவற்றில் தமிழ் எழுத்தையும் விசைப்பலகையையும் அமைத்து, வேண்டும் வீடுகளுக்கு அளிப்போம். அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவரும்போது, கைப்பேசிக்கு முறை வைத்துப் படிக்கும் குழந்தை நம் காலனியில் ஒன்றேனும் இல்லை என்னும் செய்தியை இப்பக்கங்களில் எழுதும் பேறு நமக்கு வாய்க்குமாக.