அக்கரையில் நின்ற லிபரேட்டர்கள்

மணமேல்குடிக்கு யுத்தம் வரவில்லை என்றுதான் என் ஐயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போர் என்றால் அவருக்குப் பர்மா அரிசி நின்றுபோனதும், மண்ணெண்ணெய்க்குக் கால்கடுக்கக் காத்து நின்றதும்தான்.

ஆனால் யுத்தம் அக்கரைவரை வந்திருந்தது. நம் கரைக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்கு ஒதுங்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் யாழ்ப்பாணத்துப் பலாலி இருக்கிறது. 1944இல் அந்தச் செம்மண் தோட்ட பூமியில் போட்ட ஓடுதளத்துக்குப் பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் வந்து சேர்ந்தது. படை ஏடுகளில் அந்தத் தளத்தின் பெயர் காங்கேசன்துறை. அங்கிருந்து கிளம்பினால் நம்மூர்க் கரை இருபது, இருபத்தைந்து நிமிடப் பறப்புதான்.

1942 ஜனவரியில் இங்கிலாந்தில் உருவான படை அது. அதில் ஒரு பகுதி மத்திய கிழக்கில் குண்டு போட்டது. மற்றவர்கள் 1943 பிப்ரவரியில் இலங்கை இரத்மலானைக்கு வந்தார்கள். அடுத்து சிகிரியா, அதன்பிறகு பலாலி. அவர்கள் இலங்கை வருவதற்கு முந்தைய ஆண்டு, 1942 ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தான். கப்பல்களுக்குக் காவல், நீர்மூழ்கி வேட்டை, சுமத்ரா கரையைப் படமெடுப்பது எல்லாம் இவர்கள் வேலை.

அவர்கள் ஓட்டிய லிபரேட்டர் சாதாரண விமானம் அல்ல. நான்கு இன்ஜின். இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 33 மீட்டர். நம் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பறைகளை ஒட்டி வைத்த நீளம். 1945 தொடக்கத்தில் படை மின்னேரியாவுக்கு மாறியது. அந்த மார்ச்சில் அங்கிருந்து சிங்கப்பூர்க் கடல்வரை போய்க் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பினார்கள். போய்வர 5,000 கிலோமீட்டருக்கும் மேல். இருபது மணி நேரம் கீழே கடலைத் தவிர வேறெதுவும் அதிகம் தெரியாது. இன்ஜின் நின்றால் இறங்க இடமும் கிடையாது. அந்தப் படையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய துணிச்சலை நான் பார்க்கவில்லை.

இலச்சினையில்கூட அவர்கள் வைத்தது சிங்களச் சிங்கத்தை. வாசகமும் சிங்களம்தான்: தேடிப் போவோம், தாக்குவோம் என்று பொருள். 1946இல் பிரிட்டன் திரும்பிய படை, அக்டோபர் 1 அன்று 120ஆம் ஸ்குவாட்ரன் என்று பெயர் மாறியது. பலாலி ஓடுதளம் நிலைத்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் அதைத் தொட்டுத்தான் சென்னைக்கு வந்தது.

இரவில் கடல் தொழிலுக்குப் போனபோது வானத்தில் நான்கு இன்ஜின் சத்தம் கேட்டதா என்று ஐயாவிடம் நான் கேட்கவே இல்லை. கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் தொண்ணூறு கடந்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், நீங்கள் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.