ஆஃப்செட் அமைத்தல் (சிஎன்சி மில்லிங்)

மேசையில் பிடித்த வேலைப்பொருள் எங்கே இருக்கிறது, சுழல்தண்டில் மாட்டிய கட்டர் எவ்வளவு நீளம் என்பவை சிஎன்சி மில்லிங் எந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. அவற்றை எண்களாகச் சொல்லிக்கொடுப்பதே ஆஃப்செட் அமைத்தல்.

எந்திரச் சுழியிலிருந்து வேலைப்பொருளின் சுழி தள்ளியிருக்கும் தூரம் வொர்க் ஆஃப்செட். ஃபனுக் வகைக் கட்டுப்பாட்டில் இதற்கு ஜி54 முதல் ஜி59 வரை ஆறு இடங்கள் உண்டு. எட்ஜ் ஃபைண்டரைப் பொருளின் பக்கங்களில் தொடவிட்டு எக்ஸ், ஒய் எடுப்பார்கள். முனை 10 மி.மீ. விட்டமென்றால் 5 மி.மீ. ஆரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதியவர்கள் எளிதில் மறப்பது இதைத்தான்.

டூல் நீளம் ஒவ்வொரு கட்டருக்கும் தனி. உயரம் தெரிந்த செட்டர் மீது முனையைத் தொடவிட்டு அளவைப் பட்டியலில் பதிய வேண்டும். புரோகிராம் அதை ஜி43 உடன் எச் எண்ணால் அழைக்கும். 3ஆம் டூலுக்கு எச்3 என ஒரே எண் வைப்பது நல்ல பழக்கம். எண் மாறினால், நீளமான டிரில் குட்டைக் கட்டரின் அளவை நம்பி இறங்கிப் பொருளில் மோதிவிடும். கோலெட்டில் கட்டரைக் கழற்றி மாட்டினாலும் மறுபடி அளக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் டூலைச் சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் வேகத்தைக் குறைத்து, திரையில் மீதித் தூரத்தைப் பார்த்தபடியே இறக்க வேண்டும்.