குடியுரிமை

குடி என்னும் பழஞ்சொல் வீட்டையும், குடும்பத்தையும், வழிவழி வந்த குலத்தையும் குறித்தது. திருக்குறளின் 'குடிமை' அதிகாரம் பேசுவதும் நற்குடிப் பிறப்பின் பண்பையே. அதனோடு உரிமை சேர்ந்து எழுந்த இத்தொடர், நவீன ராஜ்யத்தின் சட்டப் பிரயோகம். அப்பிரயோகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உதாரணமாக, மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலே ஈப்போ மாணவனுக்கும் ஜொகூர் மாணவனுக்கும் கட்டணத்தில் மாநில பேதம் கிடையாது. பேதமெல்லாம் பிரஜைக்கும் அயல்நாட்டாருக்கும் இடையிலேதான். ஆகையால், பேராக்கின் ரப்பர்த் தோட்ட லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும், 1957-இல் சுதந்திரம் வந்தபின் உரிய பத்திரம் பெறாமற்போன குடும்பத்துப் பிள்ளை (குடி என்பதன் ஆதிப்பொருளுக்கு அவனைவிடப் பொருத்தமானவன் எவன்?), தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயில எத்துணை ஆசையும் யோக்யதையும் உடையவனாயினும், 1997-இல் பிரஜைகளுக்கென்றே தோன்றிய தேசிய உயர்கல்விக் கடன் நிதியை, பிரஜையல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையைக் காட்டிக் கோர இயலாது.