முட்டை மார்க்கு ஆறு மார்க் ஆன கதை

டிஸ்கி: ராஜாவா ரஹ்மானா சண்டை போட வந்தவங்க கொஞ்சம் ஓரமா உக்காருங்க. இன்னிக்கு மேட்டர் அமெரிக்காவுல நடந்த சண்டை. ராஜா சார் கடைசியில கெஸ்ட் ரோல்ல வருவார் :-)

வருஷக் கடைசி ஆனா போதும், இண்டி இசைப் பிரியர்கள் ரெண்டு லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுவாங்க. இந்த வருஷத்தோட பெஸ்ட் எது, படு மொக்கை எது. இண்டின்னா பெரிய கம்பெனிகளோட தயவு இல்லாம சின்ன லேபிள்கள்ல வர்ற இசைன்னு மேலோட்டமா வெச்சுக்குவோம். அப்புறம் அது ஒரு சத்தத்துக்குப் பேரா மாறிடுச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு மாதிரியான ஆளுங்களுக்குப் பேரா மாறிடுச்சு. அங்கதான் வம்பே ஆரம்பம்.

இந்த லிஸ்ட் விளையாட்டுக்கு அப்பன் "பாஸ் அண்ட் ஜாப்"ங்கிற கருத்துக்கணிப்பு. நியூயார்க்கின் "வில்லேஜ் வாய்ஸ்" பத்திரிகை நடத்துச்சு. நின்னு போன "ஜாஸ் அண்ட் பாப்" பத்திரிகையின் பேர்ல முதல் எழுத்துகளை இடம் மாத்திப் போட்ட குசும்பு அது. 1971ல ஒரு தடவை நடந்து, 1974லேர்ந்து வருஷா வருஷம் நடந்துச்சு. ராபர்ட் கிறிஸ்ட்காவ்ங்கிற விமர்சகர்தான் இதுக்கு வாத்தியார். முறை ரொம்ப எளிமை: ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பம் சொல்லணும், கையில இருக்கிற 100 புள்ளியை அந்தப் பத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கணும். ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைஞ்சது 5. இதே மனுஷன் நவம்பர்ல, அமெரிக்காவுல வான்கோழி வெட்டுற நன்றி சொல்லும் திருநாள் சமயத்துல, மோசமான ஆல்பங்களை வரிசையா நிக்க வெச்சு "வான்கோழி வேட்டை"ன்னு ஒரு பத்தியும் எழுதுவார். ஆக, பெஸ்ட்டு, வொர்ஸ்ட்டு ரெண்டுக்கும் ஒரே கடை.

1993 கணிப்புல முதலிடம் வந்தது லிஸ் ஃபேர்ங்கிற சிகாகோ பொண்ணோட முதல் ஆல்பம், "எக்ஸைல் இன் கைவில்". மேட்டடார்ங்கிற சின்ன லேபிள் வெளியிட்டது. 18 பாட்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1972ல போட்ட "எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்"டுக்குப் பாட்டுக்குப் பாட்டு பதில்னு அவங்களே சொன்னாங்க. "கைவில்"ங்கிறது ஆம்பளைங்க ஊர். சிகாகோவோட இண்டி வட்டாரத்துல, "உனக்கு இந்த பேண்ட் தெரியுமா, அந்த ரெக்கார்ட் தெரியுமா"ன்னு வைவா நடத்துற பசங்களைத்தான் அந்த ஆல்பம் நேரா முகத்தைப் பார்த்து விசாரிச்சுது. 1974ல ஜோனி மிட்செல் ஜெயிச்சதுக்கு அப்புறம் அந்தக் கணிப்புல முதலிடம் பிடிச்ச பெண் கலைஞர் இவங்கதான். நடுவுல பத்தொம்பது வருஷம்! இதை நினைவுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

கைவில் சும்மா இருக்குமா? "சிகாகோ ரீடர்" பத்திரிகையில பில் வைமன்ங்கிற விமர்சகர் (ரோலிங் ஸ்டோன்ஸ் பேஸ் கிட்டார்காரர் இல்லை, அதே பேர்ல வேற ஆளு) அந்த வருஷத்தைப் பத்தி எழுதுறப்ப லிஸ் ஃபேர், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், அர்ஜ் ஓவர்கில் மூணு பேரையும் தூக்கி வெச்சு எழுதினார். 1994 ஜனவரியில ஸ்டீவ் ஆல்பினி அதுக்கு ஒரு கடுதாசி போட்டார். அந்தக் கடுதாசித் தலைப்பை அப்படியே தமிழ்ல எழுதினா வீட்ல சோறு கிடைக்காது. சாராம்சம், மூணு பேரும் விலை போனவங்க, எழுதினவர் அவங்களுக்கு ஜால்ரா. ஆல்பினி லேசுப்பட்ட ஆள் இல்லை. 1993லயே நிர்வாணாவின் "இன் யூட்டரோ"வைப் பதிவு பண்ணிக் கொடுத்தவர். அது வந்தது பெரிய கம்பெனி லேபிள்லங்கிறது தனி வேடிக்கை. (2024ல காலமானார். தன்னோட பழைய திமிர்ப் பேச்சுகளுக்கு 2021ல வெளிப்படையா வருத்தம் தெரிவிச்சார், அதையும் சொல்லிடணும்.)

இப்ப பத்து வருஷம் தாண்டி 2003. லிஸ் ஃபேர் கேப்பிடல்ங்கிற பெரிய கம்பெனியில தன் பேரையே தலைப்பா வெச்சு ஒரு ஆல்பம் போட்டாங்க. அவ்ரில் லவீனுக்கு ஹிட் எழுதிக் கொடுத்த "மேட்ரிக்ஸ்" குழுவைக் கூப்பிட்டு சில பாட்டு பண்ணாங்க. இண்டி உலகமே பொங்கிடுச்சு. நியூயார்க் டைம்ஸ்ல, முப்பது தாண்டின பொம்பளை டீன் ஏஜ் பொண்ணு வேஷம் போடுறாங்கங்கிற தொனியில ஒரு விமர்சனம். அதுக்கு லிஸ் ஃபேர் பத்திரிகைக்கே ஒரு கோழிக்குஞ்சுக் குட்டிக்கதை எழுதி அனுப்பினாங்க, வானம் இடிஞ்சு விழுதுன்னு அலறுற அந்தக் கதைதான்! அப்ப இணையத்துல இண்டி ரசனைக்கு நீதிபதியா வளர்ந்துட்டிருந்த "பிட்ச்ஃபோர்க்" போட்ட மார்க் 0.0. முழு முட்டை.

பிட்ச்ஃபோர்க் பத்தித் தெரியாதவங்களுக்கு: 90கள் நடுவுல மினியாபொலிஸ்ல ரயன் ஷ்ரைபர்ங்கிற பையன் ஆரம்பிச்ச தளம். பத்துக்கு எத்தனைன்னு தசமப் புள்ளியோட மார்க் போடுவாங்க. 8.6க்கும் 8.7க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா கடவுளுக்கே தெரியாது. ஆனா அந்த தசமப் புள்ளியிலதான் விஷயமே இருக்கு. ஏதோ வெயிட்மெஷின் காட்டின மாதிரி ஒரு நம்பகத்தன்மை வந்துடுது.

இதே 2003 ஆல்பத்துக்கு நம்ம பழைய வாத்தியார் கிறிஸ்ட்காவ் "ஏ" கிரேடு கொடுத்தார். ஒரே சரக்கு, ஒருத்தர் டிஸ்டிங்ஷன் போடுறார், இன்னொருத்தர் முட்டை போடுறார். என் அபிப்பிராயம்? நாலஞ்சு பாட்டு நல்லா தேறும், மீதி சவசவ. ஆனா முட்டை போட்டது பாட்டுக்கு இல்லை, கட்சி மாறினதுக்கு. 1994ல ஆல்பினி சொன்னதும் 2003ல சொன்னதும் ஒரே குற்றச்சாட்டுதான். இவங்க எங்க ஆள்னு கொண்டாடினவங்களே பத்து வருஷம் கழிச்சு வைவா நடத்தினாங்க.

இது வெறும் ரசனைச் சண்டைன்னு சிரிச்சுட்டுப் போக முடியாது மக்களே. டிராவிஸ் மாரிசன் கதையைக் கேளுங்க. வாஷிங்டன்ல "டிஸ்மெம்பர்மென்ட் பிளான்"னு ஒரு பேண்ட் வெச்சிருந்தார். அவங்க 1999 ஆல்பம் "எமர்ஜென்ஸி அண்ட் ஐ"க்கு பிட்ச்ஃபோர்க் 9.6 போட்டுத் தலையில வெச்சுக் கொண்டாடிச்சு. பேண்ட் கலைஞ்சதும் 2004ல தனியா "டிராவிஸ்டான்"னு ஒண்ணு போட்டார். 0.0. நேத்து வரைக்கும் "நம்ம பையன்"னு கை தட்டின கூட்டத்தோட பார்வை ராத்திரியோட ராத்திரியா மாறிடுச்சுன்னு பின்னாடி ஒரு பேட்டியில சொன்னார். ஆல்பம் ரொம்ப நல்லா இருந்துச்சான்னா, இல்லை. சுமார்தான். ஆனா சுமாரா ஒரு வேலை பண்றதுக்குக் கூட ஒரு கலைஞனுக்கு இடம் வேணாமா? பெரிய கம்பெனி நட்சத்திரம்னா ஒரு முட்டையை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுட்டுப் போயிடுவார். சின்ன லேபிள்காரனுக்கு அதுதான் அந்த வருஷத்துச் சாப்பாடு.

வாசகர்கள் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, வீசர் குழுவோட "பிங்கர்ட்டன்" இருக்கு. (இண்டி லேபிள் இல்லை, ஆனா இண்டி பசங்க சொத்துன்னு உரிமை கொண்டாடுறது.) 1996ல ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அதை அந்த வருஷத்தோட மூணாவது மோசமான ஆல்பம்னு தேர்ந்தெடுத்தாங்க. 2002ல அதே பத்திரிகையோட வாசகர்கள் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்கள்ல 16வது இடம் கொடுத்தாங்க. ஆல்பத்துல ஒரு ஸ்வரம் கூட மாறலை. நடுவுல ஒரு தலைமுறை வயசுக்கு வந்துச்சு, அவ்ளோதான்.

விமர்சகர்கள் பக்கம் காத்து திரும்பினது 2004 வாக்குல. கெலெஃபா சானே நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார். கிட்டார் தூக்கினவன், தானே பாட்டு எழுதுறவன்தான் உண்மையான கலைஞன், டான்ஸும் பாப்பும் ஆர்&பியும் போலிங்கிற மனப்பான்மையை "ராக்கிஸம்"னு சொல்லுவாங்க. அதுல எவ்வளவு ஆண் திமிரும் வெள்ளைக்காரத் திமிரும் கலந்திருக்குன்னு போட்டு உடைச்சார். மெதுவா மெதுவா எல்லாரும் பாப் பக்தர்கள் ஆனாங்க. ஆனா எவ்வளவு மெதுவா? 2015ல டெய்லர் ஸ்விஃப்டின் "1989" ஆல்பத்தை ரயன் ஆடம்ஸ் முழுசா மறுபடி பாடி வெளியிட்டார். பிட்ச்ஃபோர்க் அந்த நகலுக்கு விமர்சனம் எழுதுச்சு. ஒரிஜினலுக்கு எழுதினது 2019ல!

அதே 2019ல, லிஸ் ஃபேருக்கு முட்டை போட்ட மேட் லமே ட்விட்டர்ல அவங்ககிட்ட பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். இண்டி ராக், ரேடியோ பாப் ரெண்டுமே கலைஞர்கள் மாத்தி மாத்திப் போட்டுக்கிற வேஷம்தான்ங்கிறது அன்னிக்கு தனக்குப் புரியலை, அவங்களுக்கு முன்னாடியே புரிஞ்சிருந்துதுன்னு எழுதினார். அவங்களும் பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாங்க. 2021 அக்டோபர்ல பிட்ச்ஃபோர்க் 25வது ஆண்டுன்னு 19 ஆல்பங்களுக்கு மறுமதிப்பீடு போட்டுச்சு. லிஸ் ஃபேர் 0.0லேர்ந்து 6.0. டாஃப்ட் பங்க்கின் "டிஸ்கவரி" 6.4லேர்ந்து 10. இன்டர்போலோட முதல் ஆல்பம் 9.5லேர்ந்து 7.0க்கு இறக்கம். பரீட்சை முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு ரீவேல்யூவேஷன்! லமே தனி ஆளா கேட்ட மன்னிப்பு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இந்த மார்க் திருத்தம் பிடிக்கலை. பழைய மார்க் ஒரு காலத்தோட சாட்சி, அதை அப்படியே விட்டுட்டு மேற்கொண்டு எழுதலாம்.

நீதிபதிகள் கதி என்ன ஆச்சுன்னா, வில்லேஜ் வாய்ஸ் 2006ல கிறிஸ்ட்காவை வேலையை விட்டு அனுப்புச்சு, 2018க்கான கணிப்போட பாஸ் அண்ட் ஜாப்பும் முடிஞ்சுது. பிட்ச்ஃபோர்க்கை 2015ல கான்டே நாஸ்ட் வாங்குச்சு, 2024ல "ஜிக்யூ"ங்கிற ஆண்கள் பத்திரிகையோட இணைச்சு நிறைய பேரை வேலையை விட்டுத் தூக்குச்சு. ஆம்பளைங்க ஊருக்கே போய்ச் சேர்ந்துட்டாங்க!

நம்ம பக்கம் ஒரு கணக்கு பாக்கி. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. எக்ஸ்எல்ங்கிற லண்டன் இண்டி லேபிள்ல வந்த அவங்க "அருளர்" 2005 பாஸ் அண்ட் ஜாப்ல ரெண்டாவது. 2007ல "கலா", பாதிக்கு மேல ஊர் ஊரா அலைஞ்சு பதிவு பண்ணது. அமெரிக்க விசா சிக்கல்தான் காரணம். சென்னையில உறுமி மேளம் அடிச்சவங்க அதுல இருக்காங்க, "தளபதி"யோட காட்டுக்குயிலு பாட்டும் ஒரு துண்டு இருக்கு. (சொன்னேன்ல, கெஸ்ட் ரோல்!) ரோலிங் ஸ்டோன் அதை வருஷத்தோட முதல் ஆல்பம்னுச்சு. 2010ல "மாயா" வந்தப்ப பிட்ச்ஃபோர்க் போட்டது 4.4. நாம தேடுறது, பேசுறது எல்லாம் இணையக் கம்பெனிகள் வழியா அரசாங்கத்துக்குப் போகுதுன்னு முதல் பாட்டுலயே சொன்னதை அப்ப பலரும் கிறுக்குன்னாங்க. 2013ல ஸ்னோடன் ஆவணங்கள் வெளிய வந்துச்சு. சத்தம் ரொம்ப ஜாஸ்தி, காது வலிக்கும், ஒத்துக்கறேன். ஆனாலும் நான் 7 போடுவேன். தசமப் புள்ளி கிடையாது.