கம்போங் ராஜா மலைச்சாலையும் டீசல் ஹெட் கருவிகளும்

டீசல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்யும் தொழில் மலேசியாவின் கேமரன் மலையில் சாலையோடு வந்தது. வில்லியம் கேமரன் 1885-இல் இம்மலைப் பகுதியை நில அளவை செய்தார். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையிலான சாலை வேலை 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. இதற்கிடையே 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். சிலோனில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. மலையின் வடமுனையில், கம்போங் ராஜாவை ஒட்டி, புளூ வேலி தோட்டம் அமைந்தது. இத்தோட்டங்களின் உழைப்பில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

தேயிலையும் காய்கறியும் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். சிம்பாங் பூலாய் சாலை 2000-களின் தொடக்கத்தில் வரும்வரை, கம்போங் ராஜாவில் ஏற்றப்பட்ட சரக்கு பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குத்தான் போயிற்று. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 1,500 மீட்டர் உயரம்வரை வளைந்து வளைந்து ஏறும் சாலை அது. இறங்கும்போது எஞ்சின் பிரேக்காக வேலை செய்து குளிரும். ஏறும்போது கீழ் கியரில் மணிக்கணக்கில் கொதிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் குறைந்தால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு இல்லை. முதலில் அடிவாங்குவது ஹெட்தான்: கேஸ்கெட் எரியும், அடிப்பரப்பு வளையும், வால்வுகளுக்கு இடையே விரிசல் விழும்.

டீசல் லோரிகளை 1923–24-இல் ஜெர்மனியின் பென்ஸ், மான் (MAN) ஆகிய நிறுவனங்கள் உருவாக்கின. பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்பு 1927-இல் பெருந்தொகையாக வரத் தொடங்கியபின் அவை பரவின. இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட பி6 போன்ற எஞ்சின்கள் பிரிட்டிஷ் லோரிகளில் டீசலை நிலைநிறுத்தின. இவற்றின் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. கனமானது, ஆனால் முரட்டுக் கையைத் தாங்கக்கூடியது.

அந்தக் காலத்தில் ஹெட் வேலைக்குத் தேவைப்பட்ட தனிக்கருவிகள் சில மட்டுமே. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுகளை எடுக்கும் கவ்வி முதன்மையானது. அமெரிக்காவின் ஜோசப் சன்னன் 1924-இல் வால்வு தூக்கும் கருவி ஒன்றை உருவாக்கித்தான் தன் தொழிலைத் தொடங்கினார். அடுத்தது, நுனியில் ரப்பர் உறிஞ்சி உள்ள வால்வு தேய்க்கும் குச்சி. கார்போரண்டம் பசையைத் தடவி, குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, வால்வும் இருக்கையும் ஒட்டும்வரை தேய்ப்பார்கள். நீலச்சாயம் பூசி, ஒட்டிய வளையம் முழுமையாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தேய்ப்பதற்கு எல்லை உண்டு. குழிவிழுந்த இருக்கையைத் தேய்த்தே சரிசெய்தால் வால்வின் முகமும் கரைந்துபோகும். இருக்கை வெட்டும் கருவி வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்தது. வால்வு கைடு துளைக்குள் நிற்கும் ஒரு நடுத்தண்டு, வெட்டும் தலையைத் தாங்கும். 45 பாகையில் இருக்கையை வெட்டி, மேலும் கீழும் வேறு கோணங்களில் சீவி, ஒட்டும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கலாம். தண்டு நிற்கும் கைடு தேய்ந்திருந்தால் இருக்கை கோணலாகவே வெட்டுப்படும். அதனால் கைடின் துளையை அளக்கும் கேஜும், கைடைத் தட்டி இறக்கும் படிவைத்த தண்டும் இக்கருவியோடு சேர்ந்தே பட்டறைக்குள் வந்தன.

கேமரன் மலையின் தனி அடையாளமான லேண்ட் ரோவர் இன்னொரு பாடத்தைக் கொண்டுவந்தது. 1948-இல் வெளிவந்த இவ்வண்டிக்கு 1957-இல் டீசல் எஞ்சின் கிடைத்தது. 1961-இல் அது 2,286 கன சென்டிமீட்டராகப் பெரிதானது. பிரிட்டிஷ் இராணுவம் ஏலத்தில் விட்ட வண்டிகளைக் காய்கறித் தோட்டக்காரர்கள் வாங்கினர். மண்பாதைகளில் கூடைகளைச் சுமக்கும் இவை ஆயிரக்கணக்கில் இம்மலையில் திரண்டதால் மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றன. அந்த டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் 23-க்கு 1. எரிபொருள் சுழன்று எரியும் சிற்றறையின் கீழ்ப்பாதி, வெப்பம் தாங்கும் தனிச் செருகலாக ஹெட்டில் பதிக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்ற, இன்ஜெக்டர் துளை வழியாக மென்மையான உலோகத் தண்டை விட்டுத் தட்ட வேண்டும். திரும்பப் பதித்தபின் அது பரப்புக்கு மேலே துருத்துகிறதா என்று டயல் கேஜால் பார்க்க வேண்டும். ஹெட்டைச் சீவிய பிறகு இந்த அளவைச் சோதிக்காமல் பூட்டினால், புதிய கேஸ்கெட்டும் சீக்கிரம் எரிந்துபோகும்.

போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பது நீண்ட காலம் கைப்பழக்கமாகவே இருந்தது. முறுக்கு அளக்கும் டார்க் ஸ்பேனரை 1918-இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையைச் சேர்ந்த கான்ராட் பார் உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் அளவுக்கு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். பின்னர் அது எஞ்சின் பட்டறைகளின் கருவியானது. நடுவிலிருந்து வெளிநோக்கி, சொன்ன வரிசையில், படிப்படியாக முறுக்கும் முறை இதோடு வழக்கமானது.

விரிசலைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணப்பொடி தூவினால், விரிசலில் தங்கிய எண்ணெய் கோடாகத் தெரியும். காந்த முறை வேறு துறைகளிலிருந்து வந்தது. 1868-இல் சாக்ஸ்பி என்பவர் திசைகாட்டியால் பீரங்கிக் குழல்களின் குறைகளைத் தேடினார்; 1934-இல் மேக்னாஃபிளக்ஸ் நிறுவனம் இம்முறையை வணிகமாக்கியது. காந்தமேற்றிய ஹெட்டில் இரும்புத்தூளைத் தூவினால் அது விரிசலின் மீது குவியும். கண்டுபிடித்த விரிசலை ஒட்டவைப்பது அடுத்த தலைவலி. வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். 1930-களில் டெக்ஸாஸ் எண்ணெய் வயல்களில், தீப்பொறி ஆகாத இடங்களுக்காக, குளிர்நிலையில் உலோகத்தைத் தைக்கும் முறை உருவானது. விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு உலோகச் சாவிகளை அடித்து இறுக்கும் இம்முறைக்கென்றே துளை வழிகாட்டித் தகடுகள் செய்யப்பட்டன.

அலுமினிய ஹெட் வந்ததும் கணக்கு மாறியது. அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், காந்தத்துக்கும் கட்டுப்படாது. எனவே சாயம் ஊடுருவும் சோதனையும், நீரறையைத் தகடுகளால் அடைத்துக் காற்றழுத்தம் கொடுக்கும் தொட்டியும் தேவைப்பட்டன. முறுக்கும் முறையும் மாறியது. டார்க் ஸ்பேனருக்குக் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும்; புரியில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறுக்கம் வேறுபடும். அதனால் இறுதி இறுக்கத்தைக் கோணத்தால் அளக்கும் முறை வந்தது. 1994-இல் வந்த லேண்ட் ரோவர் 300டிடிஐ எஞ்சினில் முதலில் 40 நியூட்டன் மீட்டர், பின் 60 பாகை, மறுபடி 60 பாகை, நீண்ட போல்ட்டுகளுக்கு மேலும் 20 பாகை என்று விதித்தார்கள். இதனால் கோண அளவியும் பெட்டிக்குள் சேர்ந்தது. பிஸ்டன் எவ்வளவு மேலே துருத்துகிறது என்று டயல் கேஜால் அளந்து, விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று துளைகளால் குறிக்கப்பட்ட கேஸ்கெட்டுகளில் பொருத்தமான தடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

காய்கறி லோரிகளில் ஹினோ, இசுசு, மிட்சுபிஷி ஃபூசோ ஆகிய ஜப்பானிய வண்டிகள் நிலைத்தன. 1995-இல் டென்சோவின் காமன் ரெயில் அமைப்பு ஹினோ லோரியில் அறிமுகமானது. இன்ஜெக்டர் இப்போது நுண்ணிய மின்கருவி. கரி படிந்து ஹெட்டில் இறுகிவிட்டால் நெம்பக் கூடாது. சறுக்குச் சுத்தியல் கொண்ட இழுவைக் கருவியால் நேராக இழுக்க வேண்டும். செம்பு வாஷர் உட்காரும் அடித்தளத்தைத் தனி வெட்டுக் கருவியால் சுத்தம் செய்ய வேண்டும். கல்நார் கேஸ்கெட்டுக்குப் பதிலாக வந்த பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட், சொரசொரப்பான பரப்பை மன்னிக்காது. எனவே கைக்கல் தேய்ப்பு ஒழிந்து, பரப்புச் சீவும் இயந்திரம் கட்டாயமானது.

நூறாண்டுக் கருவி வரலாற்றில் வெட்டும் கருவிகளைவிட அளக்கும் கருவிகளே தொழிலை மாற்றின. அவற்றில் மிக மலிவானவை நேர்கோலும் ஃபீலர் கேஜும்தான். இறக்கிய ஹெட்டின் மேல் நேர்கோலை வைத்துப் பார்க்காமல் புது கேஸ்கெட் போடும் பட்டறை, எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாலும், அதே ஹெட்டை மறுபடியும் இறக்க நேரிடும்.