அந்தி விளக்கு யாருக்கு உரியது? வேதாரண்யத்திலிருந்து ஒரு விசாரணை

திருவாரூருக்குத் தேர் அழகு, வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு என்பது தஞ்சை வட்டாரத்துச் சொலவடை. அந்த விளக்குக்கு ஒரு கதை உண்டு. திருமறைக்காடு என்ற வேதாரண்யத்துச் சன்னிதியில் நெய் குடிக்க வந்த எலியின் மூக்கைச் சுடர் சுட்டது. எலி வெடுக்கென விலக, அணையப்போன திரி தூண்டப்பட்டு நின்று எரிந்தது. அந்தப் பலனால் எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் தமது திருக்குறுக்கைப் பதிகத்தில் இதைப் பாடிவிட்டார். விளக்கைத் தூண்டும் கைக்குக் குலமோ நிலையோ தகுதி ஆகாது என்பதே இக்கதையின் உட்பொருள் என்று கொள்கிறேன். ஆனால் இன்று திருவிளக்கு பூஜை அழைப்பிதழ்கள் பலவற்றில் ‘சுமங்கலிப் பெண்கள் கலந்துகொண்டு’ என்றே அச்சிடுகிறார்கள். இந்த வரம்பு எப்போது வந்தது?

நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று நக்கீரரின் நெடுநல்வாடை. கார்மேகம் பொழுதை மறைத்துவிட்ட மாலை அது. பிச்சி அரும்பு அவிழ்ந்து கமழ்வதைக் கொண்டுதான் பெண்கள் அந்தி வந்ததை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைகூப்புகிறார்கள். இங்கே பூசாரி இல்லை, கோயில் இல்லை. நெல், பூ, திரி, கூப்பிய கை, இவ்வளவுதான். முல்லைப்பாட்டிலும் நெல்லும் முல்லைப்பூவும் வருகின்றன. அங்கே அவற்றைத் தூவி வணங்கி, தலைவிக்காக நற்சொல் கேட்டு நிற்பவர்கள் பெருமுது பெண்டிர். மங்கலச் செயலில் முன்னால் நிற்கும் உரிமை அன்று முதியவளுக்கு இருந்தது.

சிலப்பதிகாரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வேதாரண்யத்துக்கு வடக்கே, இதே கடற்கரையில் இருந்த புகார் நகரத்தில், பகல் மாய்ந்த பொழுதில் பெண்கள் முல்லையும் நெல்லும் தூவி மணிவிளக்கம் காட்டுகிறார்கள். அந்த மாலையில்தான் தேவந்தி கண்ணகிக்காக வேண்டிக்கொள்கிறாள். யார் இந்தத் தேவந்தி? தெய்வமாகிய சாத்தனைக் கணவனாகப் பெற்று, அவன் நீங்கிப் போனபின் தனித்து வாழ்பவள். அவள் அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவி, கோவலனைப் பிரிந்த கண்ணகிக்குக் கணவன் கிடைக்க வேண்டுகிறாள். இளங்கோவடிகள் அவளை இங்கே நிறுத்தியதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்தி வேண்டுதலில் தனித்த பெண்ணின் சொல்லுக்கும் மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

சம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம் கார்த்திகை விளக்கீட்டைப் பெண்கள் கொண்டாடும் விழா என்றே சொல்கிறது. யாரை நினைத்துப் பாடினாரோ அந்தப் பூம்பாவை மணமாகாத சிறுமி.

சோழர் காலத்தில் விளக்கின் வரலாறு கல்லில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுக்கப்படுகின்றன. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் கொடுத்தாலும் சரி. கோயில் விளக்குக்குக் கணக்கு உண்டு, பொறுப்பாளர் உண்டு, சாட்சி உண்டு. வீட்டு விளக்குக்கோ கல்வெட்டே இல்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் கோயில் விளக்கைப் பற்றி நிறையவும் வீட்டு விளக்கைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சோழர் காலத்தின் பெருங்கொடையாளர் அரசி செம்பியன் மாதேவியார். கணவர் கண்டராதித்தர் மறைந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, காவிரிப் பகுதிக் கோயில்களைக் கற்றளிகளாக்கினார், வழிபாட்டுக்கு நிவந்தம் வைத்தார். கணவனை இழந்த ஒருத்தியின் கொடையை எந்த ஊரும் அமங்கலம் என்று விலக்கவில்லை.

திருவிடைமருதூரில் இருக்கும் பாவை விளக்கு 1853இல் வைக்கப்பட்டது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து அம்மணி, தன் மாமன் மகன் பிரதாபசிம்மனை மணக்க வேண்டி லட்ச தீபம் நேர்ந்தாள். நேர்ச்சை பலித்ததும் தன்னையே பாவை விளக்காக வார்த்து நிறுத்தினாள். அவள் வேண்டியது கணவனை. இங்கே விளக்கும் திருமணமும் நெருங்கி வந்துவிட்டன.

அந்தி விளக்கேற்றும் இதே வேலையை வேறொரு மரபில் பார்ப்பது பயன் தரும். யூதப் பெண்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன், பொதுவாக 18 நிமிடம் முன்பாக, ஓய்வுநாளான சபாத்துக்குரிய விளக்கை ஏற்றுகிறார்கள். சபாத் நாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் இந்த நேரக் கட்டு. அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய யூதப் பிரிவின் பெண்கள் சுடரேற்றியபின் கண்களைக் கையால் மூடிக்கொண்டு வாழ்த்துரை சொல்கிறார்கள், பிறகு குடும்பத்துக்காகச் சொந்தச் சொற்களில் வேண்டுகிறார்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா எந்தத் திரி, எந்த எண்ணெய் ஆகும் என்று விரிவாக விவாதிக்கிறது; நல்லெண்ணெயும் அதன் பட்டியலில் உண்டு. வாழ்த்துரை 9ஆம் நூற்றாண்டில் ராவ் அம்ராமின் வழிபாட்டு நூலில் இடம்பெறுகிறது. பெண்களின் சொந்த வேண்டுதல்களோ மிகப் பின்னால், 17, 18ஆம் நூற்றாண்டுகளில், இத்திஷ் மொழிச் சிறு நூல்களாகவே அச்சேறின. சாரா பஸ் தோவிம் என்ற பெண் எழுதியதும் அவற்றில் ஒன்று. பக்கத்துக் கேரளத்தில், மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதி மகள்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நோட்டுகளால்தான் அப்பாட்டுகள் ஆய்வாளர் கைக்கு வந்தன.

நம் கேள்விக்கு உதவும் செய்தி ஒன்று அந்த மரபில் உண்டு. யூத நெறியில் சபாத் விளக்கு வீட்டின் கடமை. மனைவிக்கு அதில் முதல் உரிமை. ஆனால் கணவனை இழந்தவளும் மணமாகாதவளும் தனியே வாழ்ந்தால் ஏற்றியே ஆக வேண்டும். பெண் இல்லாத வீட்டில் ஆண் ஏற்ற வேண்டும். கடமை என்று வைத்ததால் யாரையும் விலக்க வழியில்லாமல் போயிற்று. நம்மிடம் விளக்கு மாங்கல்ய பலம் தரும் நோன்பாகச் சுருங்கச் சுருங்க, விலக்கப்பட்டவர்கள் கூடினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கோயில் மண்டபங்களில் 108, 1008 என்று குத்துவிளக்குகளை வரிசையாக வைத்துப் பெண்கள் சேர்ந்து அர்ச்சிக்கும் திருவிளக்கு பூஜை பரவியது. 2022இல் இந்து சமய அறநிலையத் துறை பௌர்ணமிதோறும் 108 திருவிளக்கு பூஜையை முதலில் 12 கோயில்களில் தொடங்கியது. வீட்டுக்குள் இருந்த பெண்ணைக் கோயில் மண்டபத்தின் நடுவில் உட்கார வைத்ததில் இந்தப் பூஜைக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சுமங்கலி என்ற நிபந்தனை பல ஊர்களில் கூடவே வந்தது. வீட்டில் அந்தி விளக்கேற்றி, அதைக் குளிர வைக்கும் வரை பார்த்துக்கொள்ளும் பாட்டி, மண்டபத்தில் தூணோரம் நிற்கிறாள். ஸ்விட்ச் போட்டு மின்விளக்கு எரிந்தாலும் கைகூப்பும் தலைமுறை அவளுடையது.

சங்கப் பாட்டிலும் சிலம்பிலும் இந்த நிபந்தனைக்கு இடமில்லை, செம்பியன் மாதேவியாரின் வாழ்விலும் இல்லை. ஆகவே இது தொன்மரபு அன்று, பிற்கால வழக்கம். வேதாரண்யத்திலும் சுற்று வட்டாரத்திலும் திருவிளக்கு பூஜை நடத்தும் குழுக்கள் அடுத்த அழைப்பிதழில் ‘சுமங்கலி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘பெண்கள் அனைவரும்’ என்று அச்சிட வேண்டும்.