வளையும் பெட்டியும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் நகரத்து வரிசை வீடுகளிலும் இணை முயல்களை வளர்ப்போரைக் காணலாம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். கடைக்காரர் முயலோடு சேர்த்து ஒரு கம்பிக் கூண்டையும் விற்றுவிடுகிறார். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட அந்தக் கூண்டு அடுக்களைக்குப் பின்புறத்திலோ மாடி முகப்பிலோ வைக்கப்படுகிறது. கூண்டு ஏன் அந்த அளவில் இருக்கிறது, முயலுக்குப் பெட்டி வாழ்க்கையை விதித்தவர் யார் என்று கேட்பார் அரியர். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஈராயிரம் ஆண்டு வரலாறு காத்திருக்கிறது.

முதற்கண் பெயரைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். தமிழ் இலக்கியத்தில் வரும் முயல் காட்டு முயல். திருக்குறளில் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் யானைக்கு எதிராக வள்ளுவர் நிறுத்திக் காட்டும் முயலும், நிலவில் தெரிவதாகப் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டும் முயலும், சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்ற கதை முயலும் இக்குலத்தவையே. தமிழகத்துப் புதர்க்காடுகளில் இன்றும் திரியும் இம்முயல் வளை தோண்டுவதில்லை. புல்லையும் மண்ணையும் சற்றே அழுத்திப் பள்ளமாக்கி அதிற் படுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் தனித்தே வாழ்கிறது. அதன் குட்டி கண் திறந்தபடியும் உடல் முழுதும் மயிரோடும் பிறக்கிறது. திறந்த வெளியிற் பிறக்கும் குட்டிக்கு அப்படித்தானே பிறக்க வேண்டியிருக்கிறது!

கடையில் விற்கப்படும் முயலோ வேறு இனம். இதன் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையாகிய ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளும் தென் பிரான்சுமாகும். இது மண்ணைக் குடைந்து, பல வாயில்கள் வைத்த வளை அமைத்துக் கூட்டமாக வாழ்வது. இதன் குட்டி மயிரின்றி, கண் மூடிய நிலையில், வளையின் இருளிற் பிறக்கிறது. இரண்டையும் தமிழர் முயல் என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். மலாய் மொழியிலோ ‘அர்னாப்’ என்பது அரபுச் சொல். இந்தோனேசிய வழக்கில் உள்ள ‘கெலிஞ்சி’ டச்சு மொழியிலிருந்து வந்தது. இரண்டும் இரவற் சொற்களாக இருப்பதே, இவ்விலங்கு இப்பகுதி மக்களுக்குப் பழகிய ஒன்றன்று என்பதற்கு நல்ல சான்று. மலாய்க் கதைகளில் முயலின் தந்திரமெல்லாம் சருகுமானுக்கு உரியதாக இருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். தமிழர் பழைய பெயரைப் புதிய விலங்குக்குச் சூட்டிக்கொண்டதால், வந்தது புதிய விருந்தாளி என்பதே மறைந்துபோயிற்று.

இந்த விருந்தாளியின் இயல்பை இலத்தீன் மொழி நன்கு பற்றிக்கொண்டது. ‘குனிகுலுஸ்’ என்னும் சொல் அம்மொழியில் இவ்வகை முயலையும் குறிக்கும். நிலத்தடிச் சுரங்கத்தையும் குறிக்கும். கி.மு. 37ஆம் ஆண்டளவில் வேளாண்மை நூல் எழுதிய வார்ரோ என்னும் ரோமானிய அறிஞர் மூவகை முயல்களைச் சொல்லி, ஸ்பெயினிலிருந்து வந்த மூன்றாம் வகைக்கு இப்பெயரைத் தருகிறார். மதில் சூழ்ந்த தோட்டங்களில் முயல்களை வைத்து வளர்ப்பது ரோமானியச் செல்வர் வழக்கம். அது கூண்டன்று, ஓடித் திரியவும் புதரில் மறையவும் இடமுள்ள வெளி. பலேயாரிக் தீவு மக்கள் முயற்பெருக்கம் தாளாமல் அகஸ்டஸ் பேரரசரிடம் படையுதவி கேட்டனர் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஹேட்ரியன் பேரரசரின் நாணயங்களில் ஸ்பெயின் நாட்டைக் குறிக்கும் பெண்ணுருவின் காலடியில் ஒரு முயல் அமர்ந்திருக்கிறது.

கி.பி. 600ஆம் ஆண்டில் போப்பாண்டவர் ஒருவர் விரத நாட்களில் முயற்குட்டியை உண்ணலாமென்று ஆணையிட்டார் என்றும், அதனாலேயே பிரெஞ்சு மடங்களில் முயல் வளர்ப்புத் தொடங்கிற்று என்றும் ஒரு கதை நெடுநாள் நூல்களில் உலவி வந்தது. அப்படி ஓர் ஆணையே இல்லையென்று 2018ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் காட்டினர். வீட்டு முயல் ஓர் ஆணையால் ஒரே நாளிற் பிறந்ததன்று. காடு, மதில், மேடு, பெட்டி என்று படிப்படியாக அது மனிதர் கைக்குள் வந்தது.

மேடு என்பது இங்கிலாந்தைச் சேர்ந்தது. நார்மானியர் 12ஆம் நூற்றாண்டில் முயலை அங்குக் கொண்டுவந்தபோது, அந்நாட்டு ஈரமண்ணில் அது வளை தோண்ட இடர்ப்பட்டது. ஆகவே நிலவுடைமையாளர் தலையணை வடிவில் நீண்ட மண்மேடுகளை எழுப்பி, சில இடங்களில் உள்ளே கல்லால் வழியும் அமைத்துக் கொடுத்தனர். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்த்தவர்களேயாயினும், முயலுக்கு வேண்டுவது வளை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பெட்டி பின்னர் வந்தது. தொழில் நகரங்கள் பெருகி, வயலை விட்டுவந்த தொழிலாளர் சிறு கொல்லைப்புறமே உடையவராகியபோது, பலகைப் பெட்டி அடித்து அதில் முயலை இட்டு வளர்க்கலாயினர். பெட்டியின் அளவை வரையறுத்தது கொல்லையின் அளவும் பலகையின் விலையும். கம்பித் தளம் இட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும், துப்புரவு எளிது. சில வாரங்களில் இறைச்சிக்குப் போகும் விலங்குக்கு அதுவே போதுமென்று கருதினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டினால் பிரிட்டிஷ் அரசே முயல் வளர்ப்புச் சங்கங்களை ஊக்கி, உறுப்பினருக்குத் தவிடு பங்கீடு செய்தது. எனவே இன்று கிள்ளான் கடையில் விற்கும் கூண்டு இறைச்சி முயலின் கூண்டு. அதிற் சில வாரம் கழிக்க வேண்டிய விலங்கு, செல்லப்பிராணி என்ற பெயரால் எட்டாண்டு, பத்தாண்டு கழிக்கிறது.

முயலின் உள்வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கி எழுதியவர் ரொனால்டு லாக்லி. வேல்ஸ் நாட்டு ஓரியல்டன் பண்ணையில் அவர் செய்த ஆய்வு 1964இல் நூலாயிற்று. கூட்டத்துள் நிலவும் படிநிலையும், ஆணும் பெண்ணும் இணையும் முறையும், வளை தோண்டும் வேலை பெரும்பாலும் பெண்ணுடையதாக இருப்பதும் அதனாற் பலர் அறிய வந்தன. மறு ஆண்டு, 1965இல், பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த பிராம்பெல் குழு, ஒரு விலங்குக்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டுமென்று அறிக்கை தந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1966இல், தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுக்கும் சட்டம் மலேசியாவிற் பிறந்தது. மனிதரையும் முயலையும் ஒருதட்டில் வைப்பது முறையாகாது. ஆயினும் தோட்ட லயங்களைக் கண்டவர்க்கு ஒன்று விளங்கும்: குடியிருப்பவர் தேவையை விட்டுக் கட்டுபவர் செலவை அளவுகோலாகக் கொண்டபோதெல்லாம் அறை ஒரே மாதிரிதான் சுருங்கியிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் முயலுக்கு இடம் வகுக்கப் புகுவோர் முதலில் வெப்பத்தை எண்ண வேண்டும். முயலுக்கு வியர்வை இல்லையென்றே சொல்லலாம். உடற்சூட்டை அது பெரிதும் காதின் வழியே வெளியேற்றுகிறது. வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் அதற்கு இடர். இங்கோ நண்பகலில் 32, 33 பாகை இயல்பு. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடைபெறும் மன்னவனூர், கொடைக்கானல் மலையின் குளிர்ந்த பகுதியில் அமைந்திருப்பது கருதத் தக்கது. ஆகையால் மாடி முகப்பும் தகரக் கூரையிட்ட பின்கட்டும் இவ்விலங்குக்கு ஆகா.

வீட்டின் சுவரும் இதிற் பங்கு கொள்கிறது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் குடில்களை விட்டுச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். யாப் ஆ லோய் சூளை அமைத்தார். அச்சூளைகளால் வந்த பெயரே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளானை நோக்கிய புகைவண்டிப் பாதை திறக்கப்பட்ட பின் இரயில்வேத் தமிழர் குடியேறிய இடமும் அதுவே. அக்காலக் கடைவீடுகளில் தடித்த சுவரும், முன்னே நிழல் தரும் அஞ்சடியும், நடுவே காற்றும் ஒளியும் இறங்கும் முற்றமும் இருந்தன. இன்றைய அடுக்குமாடியில் இவை இல்லை; மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி இரவு வரை வைத்திருக்கிறது. முயலுக்கு ஒதுக்கும் மூலை கிழக்கு அல்லது வடக்குப் பக்கம் இருப்பதே ஏற்றது.

எவ்வளவு இடம்? பிரிட்டனின் முயல் நலச் சங்கம் இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டுமென்கிறது. அதாவது ஏறத்தாழ 10 அடிக்கு ஆறரை அடி. 65 சதுர அடி. அவ்விடம் இரவும் பகலும் முயலுக்குத் திறந்திருக்க வேண்டும். சில மணி நேரம் திறந்துவிட்டு மீண்டும் அடைத்துவைப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் முயல் ஓடியாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்நேரங்களில் வீட்டார் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படுவதிலோ சமையலிலோ இருப்பர். 650 சதுர அடி கொண்ட மலிவு விலை வீட்டில் இது பத்தில் ஒரு பங்கு. சிறிய தொகையன்று. அதைத் தர முடியாத வீட்டில் முயல் வளர்ப்பதைப் பற்றி மறுமுறை எண்ணுவதே நேர்மை. தரக்கூடிய வீட்டில் கூடத்தின் ஒரு பக்கத்தை மூன்றடி உயரக் கம்பித் தட்டிகளால் வளைத்தால் போதும். மேலே மூடி வேண்டியதில்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றும் பார்ப்பது முயலின் பழக்கம்.

பளிங்குக் கல் தரை குளிர்ச்சி தரும், ஆனால் வழுக்கும். முயலின் பாதத்தில் நாய் பூனைக்குரிய மெத்தைத் திண்டு இல்லை, மயிரே உண்டு. வெறுந்தரையும் கம்பித் தளமும் நாளடைவில் பாதத்தைப் புண்ணாக்கிவிடும். ஆகவே பாதித் தரைக்குப் பாய் அல்லது பழைய கம்பளம் விரித்து, மீதியைக் குளிர்ச்சிக்கென விடலாம். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வேண்டும். அதற்கு இரண்டு வாயில் இன்றியமையாதது. வளையிற் பல வாயில் இருப்பது ஒரு முயல் மற்றொன்றை மூலையில் மடக்காதிருக்கவும் ஆகும். ஒரு வாயிற் பெட்டியில் அச்சமுற்ற முயல் சிறைப்பட்டுவிடும். உலர்புல்லையும் கழிவுத் தட்டையும் அடுத்தடுத்து வைப்பது நன்று, தின்றுகொண்டே கழிக்கும் இயல்பினது அது. படத்திற் காண்பது போல் கேரட்டை ஊட்டி வளர்ப்போர் உளர். உண்மையில் உணவின் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும், கேரட் எப்போதோ ஒரு துண்டு. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் மின்கம்பியையும் கடிக்கும். அதை முன்னரே மறைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை எட்டாத இடமாகவும், தீபாவளி வெடியோசை குறைவாகக் கேட்கும் இடமாகவும் அமைவது நல்லது. திடுக்கிட்ட முயல் தீனி தின்பதை நிறுத்திவிடக்கூடும்.

இணை என்பதில்தான் பலர் தவறுகின்றனர். தனி முயல் ஏங்கும் என்பது மெய். ஆணும் பெண்ணுமாக வாங்கினாலோ 31 நாளிற் குட்டி பிறக்கும். ஈன்ற ஓரிரு நாளிலேயே தாய் மீண்டும் சூல் கொள்ளும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் ஆஸ்திரேலியாவில் விட்ட 24 முயல்கள் ஒரு கண்டத்தையே நிரப்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. ஈராண் முயல்கள் வளர்ந்ததும் குருதி வரச் சண்டையிடும். இரண்டுக்கும் கருத்தடை செய்த ஆண், பெண் இணையே அமைதியாக வாழ்வது. ஆகையால் இடத்தை அளக்குமுன் விலங்கு மருத்துவரைக் கண்டு வருவது முறை. பின்னரும் இரண்டையும் எடுத்தவுடனே ஒன்றாக விடலாகாது. இரண்டுக்கும் உரிமையில்லாத ஓர் அறையில் நாள்தோறும் சிறுபொழுது சந்திக்கவிட்டு, ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே பொது இடத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

2015ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் விலங்குக்கு ஏற்ற சூழலையும் இயல்பான நடத்தைக்கு வேண்டிய வாய்ப்பையும் தர வேண்டுமென்று கடமை விதிக்கிறது. பிற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்கும் தேவையையும் கருதச் சொல்கிறது. வாங்கி வந்த இரண்டடிக் கூண்டை அதற்காக எறிந்துவிட வேண்டுவதில்லை. கதவைக் கழற்றி, கம்பித் தளத்தின்மேல் பலகை இட்டு, உலர்புல் நிரப்பிப் புதிய இடத்தின் ஒரு மூலையில் வைத்தால், தீனி தின்ன முயல்கள் தாமே அதற்குள் போய் வரும்.